போக எட்டு மணி நேரம், வர ஏழு மணி நேரம்: விமானப் பயணத்தின் தூரமும் நேரமும்

லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்படும் விமானம் நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்குப் போய்ச் சேர்கிறது. டிக்கெட்டில் இந்த இரண்டு நேரத்தை மட்டும் பார்க்கிறவர், மூன்று மணி நேரத்தில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிவிடலாம் போலிருக்கிறதே என்று நினைப்பார். அதே பயணி திரும்பி வரும்போது நியூயார்க்கில் இரவு 8 மணிக்கு ஏறி, மறுநாள் காலை 8 மணிக்கு லண்டனில் இறங்குகிறார். இப்போது பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம். உண்மையில் போகும்போது ஆனது எட்டு மணி நேரம், வரும்போது ஆனது ஏழு மணி நேரம்.

மூன்றும் பன்னிரண்டும் ஏன் தப்பு என்பது ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்று தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும். ஆனால் எட்டுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடிக்கிறதே, அது எங்கே போனது? அதே இரண்டு ஊர், அதே தூரம், அதே வகை விமானம். கேட்டால் "பூமி சுற்றுகிறதல்லவா, அதனால்தான்" என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். நன்கு படித்தவர்களே இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நிமிடம் யோசித்தால் இந்தப் பதில் நிற்காது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. விமானத்துக்குக் கீழே பூமி தனியாகச் சுழன்றுகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மேற்கே இருக்கும் நியூயார்க் விமானத்தை நோக்கி நகர்ந்து வர வேண்டும். அப்படியானால் லண்டனிலிருந்து போகிற பயணம்தான் சீக்கிரம் முடிய வேண்டும். நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம், மூன்று தனித்தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதுதான். தூரம் என்பது பூமி உருண்டையின் மேல் அளப்பது. விமானம் ஓடுவது காற்றுக்குள். டிக்கெட்டில் அச்சாவதோ அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் மணி. மூன்றையும் பிரித்து வைத்துக்கொண்டால் எந்த இரண்டு ஊர்களுக்கும் கணக்கு சுலபமாக வந்துவிடும்.

## உருண்டையின் மேல் நேர்கோடு எது?

வீட்டில் பூமி உருண்டை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே ஒரு துண்டு நூலும். பெய்ஜிங்கும் நியூயார்க்கும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில், அதாவது 40 பாகை வட அட்சரேகையை ஒட்டி இருக்கின்றன. நூலின் ஒரு முனையைப் பெய்ஜிங்கின் மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மற்றதை அந்த 40 பாகைக் கோட்டின் மேலேயே பசிபிக் வழியாகக் கொண்டுபோய் நியூயார்க்கில் பிடியுங்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் இதுதான் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு.

இப்போது நியூயார்க் முனையை லேசாக இழுத்துப் பாருங்கள். நூல் அந்தக் கோட்டில் நிற்காது. வடக்கே வழுக்கி ஏறும். இழுக்க இழுக்க நியூயார்க் பக்கம் நூல் மிச்சமாகிக்கொண்டே வரும். முழுக்க விறைப்பானதும் பார்த்தால், அது வட துருவத்துக்குச் சில நூறு கி.மீ. பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். அட்சரேகையோடு போனால் 14,000 கி.மீ.க்கு மேல். விறைத்த நூலின் வழியே போனால் சுமார் 11,000 கி.மீ. மூவாயிரம் கிலோமீட்டர் மிச்சம், அதுவும் ஒரு நூலை இழுத்ததில்!

விறைத்த நூல் காட்டும் அந்தப் பாதைக்குப் பெருவட்டம் என்று பெயர். ஒரு பந்தை அதன் மையத்தின் வழியாக இரண்டு சரிபாதியாக அறுத்தால், அறுபட்ட விளிம்பு ஒரு வட்டமாக இருக்கும் அல்லவா? அதுதான் பெருவட்டம். உருண்டையின் மேல் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றுக்கிடையே மிகக் குறுகிய வழி ஒரு பெருவட்டத்தின் துண்டாகத்தான் இருக்கும். "இந்த இரண்டு நகரங்களுக்கு இடையே விமானத் தூரம் இவ்வளவு" என்று எங்காவது எண் போட்டிருந்தால், பெரும்பாலும் அது இந்தப் பெருவட்டத் தூரம்தான்.

சரி, அப்படியானால் இருக்கைக்கு முன்னால் உள்ள திரையில் விமானத்தின் பாதை ஏன் வில்லைப் போல வளைந்து தெரிகிறது? வளைந்திருப்பது பாதை இல்லை, வரைபடம். நமக்குப் பழகிப்போன உலகப் படம் 1569-இல் கெரார்டஸ் மெர்கேட்டர் வகுத்த முறையைச் சேர்ந்தது. உருண்டையைத் தட்டையாக்க, துருவத்தை நெருங்க நெருங்க எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்குகிறது அந்த முறை. 60 பாகை அட்சரேகையில் பூமியைச் சுற்றி வரும் தூரம் நிலநடுக்கோட்டில் உள்ளதில் சரிபாதிதான். படத்தில் இரண்டும் ஒரே நீளம். கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிவதும் இதனால்தான். உண்மையில் ஆப்பிரிக்கா அதைவிட ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மெர்கேட்டரைக் குறை சொல்லவும் முடியாது. திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துக்கொண்டு கப்பல் செலுத்துகிறவர்களுக்காக அவர் அதைச் செய்தார். அந்த வேலைக்கு அது அருமையான படம். தூரம் பார்க்கத்தான் உதவாது.

இன்னும் இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. ஆகவே எந்த இரண்டு ஊர்களும் அதில் பாதியான 20,000 கி.மீ.க்கு மேல் விலகி இருக்கவே முடியாது. அட்டவணைப்படி இயங்கும் மிக நீண்ட பயணங்களில் ஒன்றான சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,300 கி.மீ. அதாவது இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரத்தில் முக்கால் பங்கு. "விமானம் உயரத்தில் பறப்பதால் வட்டம் பெரிதாகி, தூரம் கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூடும், ஆனால் 11 கி.மீ. உயரத்தில் பறந்தால் 10,000 கி.மீ.க்கு 17 கி.மீ. மட்டுமே. மறந்துவிடலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தூரத்தை உருண்டையில் நூல் வைத்து அளக்க வேண்டும், தட்டைப் படத்தில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. நூல் காட்டுவது பெருவட்டப் பாதை.

## விமானம் நூலின் மேலேயே போகுமா?

பெரும்பாலும் அதை ஒட்டிப் போகும், அப்படியே போகாது. வானத்தில் குறிக்கப்பட்ட, ஐந்தெழுத்துப் பெயர் வைத்த புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டுதான் பாதை போடப்படுகிறது. அதனால் வரும் வளைவு நெளிவு சிறியது. பெரிய விலகல்களுக்கு வேறு காரணங்கள் உண்டு.

ஒன்று, மூடிய வான்வெளி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி அடைபட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நூல் பிடித்தால் அது சைபீரியாவின் மேல் போகும். அந்த வழியே ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆன பயணம், சுற்றிப் போக வேண்டி வந்ததும் 13 மணி நேரம் ஆகியது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

இன்னொன்று பாதுகாப்பு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால், பயணிகள் இயல்பாக மூச்சுவிடக்கூடிய 3,000 மீட்டர் உயரத்துக்கு விரைவில் இறங்கியாக வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே 4,500 மீட்டர் அளவுக்கு உயர்ந்து கிடக்கிறது. அங்கே அவ்வளவு கீழே இறங்க இடம் இல்லை. அதனால் பல விமானங்கள் அதை ஒதுக்கிவிட்டுப் போகின்றன. இரண்டு என்ஜின் விமானங்களுக்கு மற்றொரு விதியும் உண்டு: ஓர் என்ஜின் நின்றுவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டக்கூடிய தொலைவிலேயே பறக்க வேண்டும். சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு நூல் பிடித்தால் அது அண்டார்க்டிகாவை நோக்கித் தெற்கே இறங்கும். அந்தப் பக்கம் அவசரத்துக்கு இறங்க ஓடுபாதை அரிது. அதனால் அங்கே பாதை போடும்போது இந்த விதி பெரிதாகக் குறுக்கே நிற்கும்.

## காற்று என்பது நகரும் தரை

இப்போது அந்தக் காணாமல் போன ஒரு மணி நேரத்துக்கு வருவோம்.

பெரிய விமான நிலையங்களில் நகரும் நடைபாதை இருக்கும். அதன் மேல் ஏறி நீங்கள் வழக்கம்போல நடக்கிறீர்கள். கால்களுக்கு வேலை கூடவில்லை, ஆனால் பக்கத்தில் வெறும் தரையில் நடப்பவரைத் தாண்டிப் போய்விடுகிறீர்கள். அதே நடைபாதையில் எதிர்த்திசையில் நடந்தால், அதே உழைப்புக்குப் பாதி தூரம்கூட நகர மாட்டீர்கள். ஆற்றோட்டத்தோடு போகும் படகுக்கும், எதிர்த்துப் போகும் படகுக்கும் இதே கதைதான்.

விமானம் காற்றுக்குள் நீந்துகிறது. என்ஜின் தள்ளுவது காற்றை, இறக்கை தாங்குவது காற்றின் மேல். ஆகவே விமானத்துக்கு இரண்டு வேகங்கள். சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது காற்றுசார் வேகம். கீழே உள்ள நிலத்தை ஒப்பிட்டால் எவ்வளவு வேகம் என்பது தரைவேகம். நடைபாதை உதாரணத்தில் உங்கள் நடை காற்றுசார் வேகம். சுவரைக் கடக்கும் வேகம் தரைவேகம்.

நீண்ட தூரம் செல்லும் இன்றைய பயணிகள் விமானங்களின் காற்றுசார் வேகம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. இது பெரிதாக மாறாது. அதற்கு மேலே போனால் ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அங்கே காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறும், எரிபொருள் கரையும். கான்கார்ட் விமானம் அந்த எல்லையைத் தாண்டி, ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் 1976 முதல் 2003 வரை பயணிகளை ஏற்றிச் சென்றது. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் பறந்தது. அது ஓய்வுபெற்ற பிறகு எல்லாரும் மறுபடி 900-க்குத்தான் வந்து நிற்கிறோம்.

மாறுவது தரைவேகம். காரணம், விமானம் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் ஆறு மாதிரி ஓடுகிற ஒரு காற்று. அதற்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். சில நூறு கி.மீ. அகலத்தில், பாம்பைப் போல நெளிந்துகொண்டு, மேற்கிலிருந்து கிழக்காகப் பூமியைச் சுற்றி ஓடும். வேகம் மணிக்கு 150 கி.மீ. சாதாரணம். குளிர்காலத்தில் 300-ஐயும் தாண்டும்.

ஜப்பானிய வானிலை அறிஞர் வசபுரோ ஓயிஷி 1920-களிலேயே பலூன்களை மேலே அனுப்பி, அவை எவ்வளவு வேகமாக அடித்துச் செல்லப்படுகின்றன என்று பார்த்து, இந்தக் காற்றைக் கண்டுகொண்டார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தன் அறிக்கையை, எல்லா நாட்டினருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று செயற்கையாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். ஆனால் அந்த மொழியைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெளியே மிகக் குறைவு. அவர் கண்டறிந்தது பரவவில்லை. 1944-இல் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் காற்றில் மாட்டித் திணறிய பிறகுதான் பலருக்கும் இதன் பலம் உறைத்தது. ஓயிஷியை நினைத்தால் எனக்கு எப்போதும் மனது கனக்கும்.

அடுத்த முறை நீண்ட பயணம் போகும்போது, திரையில் படம் பார்ப்பதை நிறுத்திவிட்டு வரைபடப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தரைவேகம் என்று ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். கிழக்கே போகும்போது அது 1,000-ஐத் தாண்டி 1,050, 1,080 என்று ஏறுவதைப் பார்க்கலாம். மேற்கே திரும்பும்போது அதே இடத்தில் 800, 780 என்று தவழும். ஜன்னலுக்கு வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. என்ஜின் சத்தமும் அதேதான். மாறியிருப்பது காற்று மட்டும்.

லண்டன்–நியூயார்க் தூரம் சுமார் 5,550 கி.மீ. காற்றே இல்லாவிட்டால் இரு பக்கமும் ஒரே நேரம்தான் ஆகும். இந்தக் காற்று ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, மறுபக்கம் தடுக்கிறது. எட்டும் ஏழும் வந்த கதை இதுதான். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் பெரும்புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு போயிங் 747 வெறும் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரைவேகம் 1,300 கி.மீ.யைத் தாண்டியது. "ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம்" என்று சிலர் எழுதினார்கள். அப்படி இல்லை. ஒலித்தடை என்பது காற்றுக்குள் இருக்கும் விஷயம். சுற்றியிருந்த காற்றை ஒப்பிட்டால் அந்த விமானம் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. காற்றே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, அவ்வளவுதான்.

இங்கே அடிக்கடி வரும் இன்னொரு தப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். "போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம், மொத்தத்தில் சமம்தானே?" சமம் ஆகாது. 7,200 கி.மீ. தூரம், வேகம் 900 என்று வைத்துக்கொள்வோம். காற்று இல்லாவிட்டால் போக 8, வர 8, மொத்தம் 16 மணி நேரம். இப்போது 100 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கட்டும். காற்றோடு போனால் வேகம் 1,000. நேரம் 7 மணி 12 நிமிடம். எதிர்த்து வந்தால் வேகம் 800. நேரம் 9 மணி. கூட்டினால் 16 மணி 12 நிமிடம். பன்னிரண்டு நிமிடம் நஷ்டம். ஏனென்றால் எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரமும் அதிகம்.

அதனால்தான் பாதை போடுகிறவர்கள் குறுகிய தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை, குறைந்த நேரத்தைத் தேடுகிறார்கள். வட அட்லாண்டிக்கில் தினமும் இருமுறை, அன்றைய காற்றைப் பார்த்துப் புதிய பாதைகள் வகுக்கப்படுகின்றன. கிழக்கே போகிறவர்களுக்கு ஜெட் காற்றோட்டத்துக்குள் பாதை; மேற்கே வருகிறவர்களுக்கு அதை விட்டு விலகி. நூற்றுக்கணக்கான கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் சீக்கிரம் போய்ச் சேரும் நாட்கள் உண்டு.

சுருக்கமாக: காற்றுசார் வேகம் கிட்டத்தட்ட நிலையானது, தரைவேகம் காற்றோடு மாறும். பயண நேரத்தைத் தீர்மானிப்பது தரைவேகம்.

## பூமி சுற்றுவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா?

ஓடும் ரயிலுக்குள் பெட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போகிறீர்கள். ரயில் எந்தப் பக்கம் ஓடினாலும் ஒரே நேரம்தான் ஆகும். ஏனென்றால் நீங்கள், பெட்டி, உள்ளே இருக்கும் காற்று எல்லாமே சேர்ந்து ஓடுகின்றன. மேலே எம்பிக் குதித்தால்கூட அதே இடத்தில்தான் இறங்குவீர்கள், பின்பக்கச் சுவரில் போய் மோத மாட்டீர்கள்.

பூமியும் அப்படித்தான். நிலநடுக்கோட்டில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே சுழல்கிறது. வளிமண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கும் அந்த வேகம் ஏற்கெனவே உண்டு. காற்று பூமியோடு சுற்றாமல் நின்றிருந்தால், நாம் 1,670 கி.மீ. புயலில் நின்றுகொண்டிருப்போம். ஆக, பூமி விமானத்துக்கு அடியில் தனியாக நழுவிப் போவதில்லை.

ஆனாலும் பூமியின் சுழற்சிக்கு ஒரு மறைமுகமான பங்கு இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். வெப்பமண்டலத்தின் சூடான காற்று உயரே எழுந்து துருவங்களை நோக்கி நகர்கிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராகப் போக முடியாமல், வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாகவும் தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாகவும் திரும்புகிறது. வடக்கே போகிறவருக்கு வலது கிழக்கு. தெற்கே போகிறவருக்கு இடது கிழக்கு. இரண்டு பக்கமும் காற்று கிழக்கே திரும்பி ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் பிறப்பது இப்படி. அதனால்தான் தென் அரைக்கோளத்திலும் சிட்னியிலிருந்து கிழக்கே சாண்டியாகோவுக்குப் போவது சீக்கிரம் முடிகிறது, திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதலாக ஆகிறது. பூமி சுற்றுவதுதான் காரணம் என்று சொன்னவர்கள் முழுக்கத் தப்பில்லை, ஆனால் வேலையைச் செய்வது நடுவில் இருக்கும் காற்று.

## டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எதை அளக்கிறது?

வானத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் அசையத் தொடங்கும் கணத்திலிருந்து, சேருமிடத்தில் மறுபடி அசையாமல் நிற்கும் கணம் வரை உள்ள மொத்த நேரத்தைப் பிளாக் நேரம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் வாயிலைத் தேடி வருவது எல்லாம் இதற்குள் அடக்கம். தாமதம் வந்தால் சமாளிக்க என்று அட்டவணையில் கொஞ்சம் கூடுதலாகவும் சேர்த்து வைப்பார்கள். "கால் மணி நேரம் முன்னதாகவே இறங்கிவிட்டோம்" என்று சில நாள் அறிவிப்பு வருவது அதனால்தான்.

குறுகிய பயணங்களில் இது நன்றாகத் தெரியும். 500 கி.மீ. தூரத்தை 900-ஆல் வகுத்தால் அரை மணி நேரம்தான் வரும். டிக்கெட்டிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். தரையில் ஊர்வது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது என்று எல்லாமே மெதுவாக நடக்கும் வேலைகள்.

தோராயமாகக் கணக்குப் போட நான் பயன்படுத்தும் வழி இது: பெருவட்டத் தூரத்தை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்–நியூயார்க் 15,300 கி.மீ.க்கு 18 மணி, அதோடு அரை, ஆக பதினெட்டரை. நடைமுறையும் ஏறத்தாழ அவ்வளவுதான். கிழக்கு–மேற்குப் பயணமாக இருந்தால், மேற்கே போகும்போது இதைவிடச் சற்றுக் கூடும், கிழக்கே போகும்போது சற்றுக் குறையும். வான்வெளி மூடிய இடங்களைச் சுற்ற வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

## கடைசியாகக் கடிகாரம்

பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. மணிக்கு 15 பாகை. அதனால் கிழக்கே 15 பாகை போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் இருக்க வேண்டும் என்பது அடிப்படை. நாடுகள் தங்கள் வசதிக்கு இதை வளைத்துக்கொள்கின்றன. அவ்வளவு அகலமான சீனா முழுவதும் ஒரே நேரம். லண்டன் பக்கத்து கிரீன்விச் நேரத்தைவிட இந்தியா ஐந்தரை மணி நேரம் முன்னால் என்று கணக்கு வைத்திருக்கிறது, நேபாளம் ஐந்தே முக்கால்.

ஆகவே புறப்படும் மணியையும் சேரும் மணியையும் அப்படியே கழிக்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு கடிகாரங்கள் அவை. இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழியுங்கள். லண்டனில் காலை 11-க்குக் கிளம்பிய விமானம் நியூயார்க்கில் பிற்பகல் 2-க்குச் சேர்ந்தது. நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியது. அங்கே 2 என்றால் லண்டனில் இரவு 7. 11-லிருந்து 7 வரை எட்டு மணி நேரம்.

டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகிறவருக்கு இன்னும் விந்தையாக இருக்கும். கோடையில் மாலை 5 மணிக்கு டோக்கியோவில் ஏறி, பத்து மணி நேரம் பறந்து, அதே நாள் காலை 11 மணிக்கு இறங்குவார். கிளம்புவதற்கு ஆறு மணி நேரம் முன்னால்! நடுப் பசிபிக்கில் சர்வதேசத் தேதிக் கோட்டைத் தாண்டும்போது நாட்காட்டி ஒரு நாள் பின்னால் போகிறது, அவ்வளவுதான். உடம்பு பத்து மணி நேரத்தை முழுசாகக் கழித்துவிட்டுத்தான் இறங்குகிறது.

கோடைக்கால நேரம் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாடுகளில் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு தள்ளுகிறது, பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு தள்ளுகிறது. நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டன்–நியூயார்க் வித்தியாசம் நான்கு மணி நேரம் மட்டுமே.

## இடையில் இறங்கிப் போனால்

"நேரடி விமானம் இல்லை, சுற்றித்தான் போக வேண்டும்" என்று கேட்டதும் தூரம் எக்கச்சக்கமாகக் கூடும் என்று தோன்றும். எப்போதும் அப்படி இல்லை. லண்டன்–சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,000 கி.மீ. சிங்கப்பூரில் இறங்கிப் போனால் முதலில் 10,900, பிறகு 6,300. மொத்தம் சுமார் 17,200. கூடியது 200 கி.மீ.க்குள்தான். இத்தனைக்கும் நூல் சிங்கப்பூரைத் தொடுவதில்லை, வடகிழக்கே இரண்டாயிரம் கி.மீ. அளவுக்குத் தள்ளிப் போகிறது. இரண்டு ஊர்களும் உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தால், பாதையைக் கொஞ்சம் விலக்கினாலும் நீளம் அவ்வளவாகக் கூடாது. ரொம்ப விலக்கினால் கூடும்: லாஸ் ஏஞ்சலிஸ் வழியாக அதே சிட்னிக்குப் போனால் சுமார் 20,800 கி.மீ.

சிங்கப்பூர் வழியாகப் போகும் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம், லண்டனில் திங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பி, சிட்னியில் புதன் காலை 5 மணிக்குச் சேர்வதாக டிக்கெட் இருக்கிறது என்று வையுங்கள். பார்த்தவுடன் முப்பத்திரண்டு மணி நேரம் என்று தோன்றும். ஜூனில் சிட்னி ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே புதன் காலை 5 என்றால் லண்டனில் செவ்வாய் இரவு 8. ஆக மொத்தம் 23 மணி நேரம். அதில் சிங்கப்பூர் வரை 13, அங்கே காத்திருப்பு 2, அங்கிருந்து சிட்னிக்கு 8.